வெளியே பூட்டு, உள்ளே ஆள்

அத்தியாயம் 14

வேல்விழியும் கோபிநாத்தும் தனிக்குடித்தனம் வந்து இன்றோடு பத்தொன்பது நாள். இந்தப் பத்தொன்பது நாளில் மாமியாரும் மருமகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றே தெருதான். ஆனால் வீம்பு என்று வந்துவிட்டால் மூன்று தெரு என்ன, முந்நூறு மைல் என்ன!

எல்லாம் அந்த வாஷிங் மெஷினால் வந்த வினை. கோபிநாத்துக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப் வேலை. சட்டையெல்லாம் ஆயில். வேல்விழி ஆசை ஆசையாய் வாங்கி வைத்த மெஷினில் துவைத்தும் கறை போகவில்லை. அதை மாமியார் தாயாரம்மாள் சும்மா விடுவாளா? சட்டையை உதறிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "பாருங்கடி, மெஷினு தோச்ச லட்சணத்த!" என்று தெருவுக்கே காட்டினாள். அங்கே தொடங்கிய பேச்சு, 'எந்த ஊர்லருந்தோ வந்தவ' என்பதில் போய் முடிந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த இடத்தில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவளுக்கு அந்த ஒரு சொல் போதாதா? மறுநாளே மெஷினையும் ஏற்றிக்கொண்டு இந்த வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வந்த இடத்தில் ஓர் அதிசயம். ஒரு வாரத்திலேயே சட்டையெல்லாம் பளிச்சென்று வெளுக்க ஆரம்பித்தது. ஆயில் கறை போன இடம் தெரியவில்லை! 'தண்ணி மாறினதுல வந்த வெளுப்பு' என்று வேல்விழி பூரித்துப் போனாள். போதாததற்கு, கோபிநாத் நைட் ஷிஃப்ட் முடித்து வந்ததும் தன் யூனிஃபார்மைத் தானே மெஷினில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று லைன் வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். என்றைக்காவது அந்த வெள்ளைச் சட்டையை அத்தையின் கண்ணெதிரே விரித்துக் காட்ட வேண்டும் என்பது அவளுடைய ரகசிய ஆசை.

அந்தப் புதன்கிழமைக் காலையில் அவளுக்கு வேறு அவசரம். சுங்குவார்சத்திரம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆறு வருடமாக அசெம்பிளி லைனில் நின்றவளை, லைன் லீடர் வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு.

ஏழரை மணி. மிக்ஸியில் சட்டினி ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது. தரையில் போர்வையை நான்காய் மடித்துப் போட்டு, அதன் மேல் பச்சைச் சுடிதாரை விரித்து அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பொட்டென்று எல்லாம் நின்றது.

"ஒம்பது மணிக்குத்தான நிறுத்துவோம்னு போட்டிருந்தாவ!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். பராமரிப்பு வேலை, ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே செல்போனுக்குச் செய்தி வந்திருந்தது. ஆனால் நிறுத்துகிறவன் கடிகாரமும் நம் கடிகாரமும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது?

சட்டினி பாதியில் தேங்காய்ச் சில்லாக நின்றது. குழாய் இரண்டு முறை விக்கிவிட்டு ஓய்ந்தது. மின்விசிறி கடைசிச் சுற்றை மெதுவாகச் சுற்றியது. ஒரு விரலால் தட்டினால் ஓடுகிற வரைக்கும் இவற்றையெல்லாம் யார் நினைத்துப் பார்க்கிறோம்? நின்ற பிறகுதான் இத்தனை கைகள் நமக்காக வேலை செய்தன என்றே தெரிகிறது. வேல்விழிக்கு அழுகை வரும் போலிருந்தது.

இஸ்திரிப் பெட்டியில் இன்னும் சூடு இருந்தது. அதை ஏன் வீணாக்க வேண்டும் என்று, சுருக்கம் விழுந்திருந்த கைப்பக்கத்தின் மேல் பெட்டியை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அந்த நேரத்தில் கோபிநாத் வந்தான். கண் சிவந்திருந்தது. இட்லிக்குப் பொடி போதும் என்று சொல்லிவிட்டுத் தலை நிமிராமல் சாப்பிட்டான். வழக்கம் போல யூனிஃபார்மைக் கழற்றி மெஷினுக்குள் போட்டு மூடியைச் சாத்தினான்.

"கரண்ட் இல்லியே. நான் சாயங்காலம் போட்டுக்கிடுதேன்" என்றாள் அவள்.

"வேணாம், வேணாம். வந்ததும் நானே போட்டுக்கறேன். நீ கெளம்பு."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது என்பார்கள். தேய்க்கத் தேவையில்லாத பழைய நைலக்ஸ் சுடிதாரை மாட்டிக்கொண்டு, பையை எடுத்து, கதவைச் சாத்தி, வெளியே பூட்டைப் போட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எட்டு வீடு ஒரே வரிசையில் கட்டிய லைன் வீட்டில், பகலில் எட்டிலும் பூட்டுத் தொங்கும். பாதி வீட்டுக்குள் ஆள் இருக்கும். நைட் ஷிஃப்ட் பார்த்தவன் தூங்க வேண்டுமே! பூட்டு இல்லையென்றால் கேஸ் சிலிண்டர்காரனிலிருந்து ஓட்டுக் கேட்கிறவன் வரை எல்லாரும் தட்டுவார்கள். அதனால் பெண்டாட்டி வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவாள். புருஷன் காதில் பஞ்சை வைத்து, செல்போனை அணைத்துவிட்டுப் படுப்பான். சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் வந்து திறந்தால்தான் அவனுக்குப் பொழுது விடியும்.

*

கம்பெனிக்குள் கரண்ட் போகாது. ஜெனரேட்டர் மேல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள். ஏசி குளிரில், கண்ணாடி அறைக்குள், மேலாளருக்கும் எச்.ஆர். மேடத்துக்கும் எதிரே வேல்விழி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில். மேடம் இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டார்.

"கடைசிக் கேள்வி" என்றார் மேலாளர். "லைன் ஓடும்போது திடீர்னு கரண்ட் போகுது. லைன் லீடரா நீங்க மொதல்ல என்ன செய்வீங்க?"

இதுவா கஷ்டம்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"எல்லா மெஷின் சுவிட்சையும் ஆஃப் பண்ணச் சொல்லணும் சார். முக்கியமா சூடாகிற மெஷினெல்லாம். இல்லன்னா, ஆள் பக்கத்துல இல்லாத நேரம் கரண்ட் திரும்ப வந்தா..."

வாய் அப்படியே நின்றது.

பச்சைச் சுடிதார். கவிழ்த்து வைத்த பெட்டி. மடித்த போர்வை. அதிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கோபிநாத்தின் பாய்.

சுவிட்சை அணைத்தேனா?

அணைக்கவில்லை. கரண்ட் இல்லாத சுவிட்சை யார் அணைக்கிறார்கள்! அந்தப் பெட்டியில் சூட்டைக் குறைக்கிற திருகு வேறு உடைந்து மாதம் இரண்டாகிறது. போட்டால் முழுச்சூடுதான். முன்னாலேயே போன கரண்ட், இரண்டு மணிக்கு முன்னாலேயே வந்துவிடாதா?

உள்ளே ஆள். வெளியே பூட்டு. சாவி தன் பையில்.

"வேல்விழி? சொல்லுங்க, திரும்ப வந்தா?"

"நான் வீட்டுக்குப் போகணும் சார்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்பவா? இன்னும் ரெண்டு பேர்தான் போட்டியில இருக்காங்க. நீங்க பாதியில எழுந்து போனா நாங்க என்னன்னு எழுதறது?"

"என்னன்னாலும் எழுதிக்கோங்க சார். எங்க வீட்டுக்காரர் உள்ள உறங்குதாவ. நான் இஸ்திரிப் பெட்டிய அணைக்காம வந்துட்டேன். வெளிய போக கேட் பாஸ் மட்டும் போட்டுக் குடுத்துருங்க."

மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். கேட் பாஸில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். வேல்விழி அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். லைனில் அவளுக்குப் பக்கத்து இடத்துக்காரி அம்சவல்லி, "ஏய், இன்னாச்சுடி?" என்று கத்தியது காதில் விழவே இல்லை.

செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் எல்லாருடைய போனும் கேட் பக்கத்து லாக்கரில் இருக்கும். எடுத்து அடித்துப் பார்த்தாள். கோபிநாத்தின் போன் அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஷிஃப்டில், இல்லையென்றால் இவனைப் போலவே போனை அணைத்துவிட்டுத் தூக்கத்தில். அக்கம்பக்கத்தில் வேறு யாருடைய நம்பரும் இல்லை.

ஒரே ஒரு நம்பர் இருந்தது.

முதல் முறை அடித்ததும் கட். இரண்டாவது முறையும் கட். மூன்றாவது முறை எடுக்கப்பட்டது. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"அத்தே, வச்சிராதீங்க. கால்ல விழுதேன். கரண்ட் வந்துட்டா?"

அதற்குள் கட்டாகிவிடுமோ என்று அவள் மூச்சு விடாமல் அடுக்கினாள்.

"இஸ்திரிப் பெட்டி சுவிட்ச போட்டபடி விட்டுட்டு வந்துட்டேன் அத்தே. துணி மேலயே கெடக்கு. அவுக உள்ள உறங்குதாவ. வெளிய பூட்டிட்டேன். கரண்ட் வந்தா போச்சு அத்தே!"

"இன்னும் வர்ல." பத்தொன்பது நாளுக்குப் பிறகு மாமியாரின் முதல் வார்த்தை.

"எங்க வாசல்ல, மீட்டருக்குக் கீழ ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். மெயின் சுவிட்ச். அந்தக் கைப்பிடியக் கீழ இழுத்து விட்டுருங்க. போதும்."

"நானா?"

அந்த 'நானா'வில் இருந்த நடுக்கம் வேல்விழிக்குப் புரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன் கிரைண்டரில் ஷாக் அடித்துச் சுவரில் போய் விழுந்தவள் தாயாரம்மாள். அன்றிலிருந்து வீட்டு லைட் சுவிட்சைக்கூட மோர் கடைகிற மத்துக்காம்பால்தான் தட்டுவாள். மெஷின் மேல் அவளுக்கிருந்த கோபத்தில் பாதி பயம்தான்.

"நீங்கதான் அத்தே. எனக்கு வேற ஆரு இருக்கா?"

போன் கட்டாகிவிட்டது. போகிறாளா, இல்லையா? சொல்லாமலே வைத்துவிட்டாள்.

*

"இன்னாமா, ஆஸ்பத்திரி கேஸா?" என்றான் ஆட்டோக்காரன் திருமலை.

"வடக்குப்பட்டு. பறங்க அண்ணே."

ஸ்ரீபெரும்புதூர் வரை பறந்தான். அங்கே கடைகளில் எல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேல்விழி, "இங்க கரண்ட் இருக்கே அண்ணே!" என்று அலறினாள். "இது வேற லைன்மா" என்று திருமலை சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஒரகடம் போகும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோ அவற்றின் இடுக்கில் நுழைந்து நுழைந்து போயிற்று. மாமியாருக்கு ஏழு முறை போன் அடித்துவிட்டாள். எடுக்கவில்லை.

ஊரே கரண்டுக்காகக் காத்திருந்தது. வெயிலில் குடத்தோடு நிற்கிறவள், கைக்குழந்தைக்கு அட்டையால் விசிறுகிறவள், மாவு மில் வாசலில் உட்கார்ந்திருக்கிறவள், எல்லாரும் 'வரணும், வரணும்' என்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் எதிராக ஒருத்தி மட்டும், 'பெருமாளே, வரக்கூடாது, இன்னும் பத்து நிமிசம் வரக்கூடாது' என்று வேண்டிக்கொண்டு போனாள்.

வடக்குப்பட்டு வளைவில் டீக்கடை. அதன் மின்விசிறி அசையாமல் நின்றதைப் பார்த்து அவள் கும்பிடக் கையெடுத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லத் திரும்பியது. பிறகு சுற்றியது. "அப்பாடா!" என்று கடையில் யாரோ சொன்னார்கள். ஜூஸ் மிக்ஸி கரகரத்தது.

"ஐயோ!" என்றாள் வேல்விழி. திருமலை என்ன ஏது என்று கேட்காமல் ஆட்டோவை முறுக்கினான்.

லைன் வீட்டு வாசல். புகை இல்லை. கருகல் வாடை இல்லை. ஆனால் அவர்கள் கதவுக்குப் பக்கத்தில், ஒரு மரப்பலகையின் மேல், ரப்பர் செருப்போடு தாயாரம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, கீழே இறக்கிவிட்ட மெயின் சுவிட்ச் கைப்பிடியை இறுக அமுக்கிப் பிடித்திருந்தாள். முகம் வேர்த்து வழிந்தது.

"அத்தே! எவ்ளோ நேரமா இப்பிடி நிக்கிய?"

"நான் போன வூட்லயே போட்டுட்டு ஓடியாந்ததுலருந்து. கைய எடுத்தா மேல ஏறிக்குமோன்னு புடிச்சினே நிக்கிறேன்."

இறக்கிய சுவிட்ச் தானாக ஏறாது என்று அந்த நேரத்தில் யார் அவளுக்குச் சொல்வது? வேல்விழி அந்தக் கையை மெதுவாக விடுவித்தாள். விரல்கள் விறைத்திருந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அத வுடு. கத்திக் கத்தித் தொண்ட காஞ்சு பூட்ச்சு. கதவ ஒதச்சேன். எழுந்துக்கவே இல்லடி அவன்! தெற கதவ!"

எழுந்திருக்கவில்லையா? பஞ்சு வைத்திருந்தாலும் இப்படியா? சாவி இரண்டு முறை கைநழுவி விழுந்தது. மூன்றாவது முறை பூட்டு திறந்தது.

அறை இருட்டாக இருந்தது. பாய் விரித்தபடி கிடந்தது. பாயில் ஆள் இல்லை.

இஸ்திரிப் பெட்டி அலமாரியின் மேல் இருந்தது. அதன் வயர் பதவிசாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பச்சைச் சுடிதார் மடித்து, தலையணை மேல் இருந்தது.

"அவனே புடுங்கி வெச்சிருக்கான்!" என்று தாயாரம்மாள் நெஞ்சில் கை வைத்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என் அப்பனே, காப்பாத்துன. சரி, எங்கடி அவன்?"

எப்போதும் உள்ளே தாழ் போட்டிருக்கும் பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

"உங்க வீட்டுக்கு வந்திருப்பாவளோ?"

"நீங்க போனதுலருந்து அவன் என் வாசப்படி மிதிக்கலயே. பெத்தவளத் தேடி வர்லியேன்னு நான் உள்ளுக்குள்ள செத்துகினு கீறேன்."

வேல்விழி வெறுமனே நிற்க முடியாமல் வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்தாள். காலையில் அவன் போட்ட யூனிஃபார்ம், துவைக்காமல், உள்ளே கிடந்தது. கரண்ட் இல்லாததால், அவனே துவைக்க ஆரம்பித்த பிறகு முதல் முறையாக அது அவள் கைக்கு அப்படியே கிடைத்தது.

எடுத்து விரித்தாள்.

நேற்றுச் சாயங்காலம் அவளே தேய்த்த மடிப்பு. கால்சட்டையில் கத்தி போல் நின்றது. முழங்காலில் ஒரு சுருக்கம் இல்லை. பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்தவன் கால்சட்டையா இது?

தாயாரம்மாள் சட்டையை வாங்கி மோந்து பார்த்தாள். காலரைப் பார்த்தாள். கைமடிப்பைப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் தோய்க்கலயாடி இது?"

"தோய்க்கல அத்தே."

"ஆயில் வாசனையே இல்லியே."

வேல்விழி சுவரில் சாய்ந்தாள். தண்ணி மாறியதால் வெளுக்கவில்லை. மெஷினும் வெளுக்கவில்லை. அழுக்கே ஆகாத சட்டையைத் தினமும் தண்ணீரில் நனைத்து அவளிடம் கொடுத்திருக்கிறான்! அதை அவள் ஆசையோடு தேய்த்து, மறுபடி மாட்டி விட்டிருக்கிறாள்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்கானே!" என்று தாயாரம்மாள் பொங்கினாள். அடுத்த நொடியே குரல் உடைந்தது. "வேல போய்டுச்சா? இல்ல, வேற எதுனா வம்புல மாட்டினுகீறானா? எங்கடி போய்த் தேடறது?"

"தேட வேண்டாம். அஞ்சரைக்கு நான் வந்து திறக்கும்போது தினமும் பாயில படுத்திருக்காவல்லா? அப்ப அதுக்கு முன்னால வந்துதான ஆகணும்." வேல்விழி சாவியை எடுத்து மாமியார் கையில் வைத்தாள். "நான் உள்ள இருக்கேன் அத்தே. நீங்க வெளிய பூட்டிட்டுப் போங்க."

தாயாரம்மாள் சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "மெயின போடட்டா?" என்றாள், தானே போட்டுவிடுகிறவள் போல.

"வேண்டாம். அப்பிடியே கெடக்கட்டும்."

வாசல் வரை போனவள் திரும்பினாள். "கத்தாத. அடிக்காத. மொதல்ல, சோறு துன்னானான்னு கேளு."

வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் வெளியிலிருந்தே கேட்ட சத்தம், உள்ளேயிருந்து கேட்டபோது அவளுக்கு மூச்சு முட்டியது.

அவன் பாயில் உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் கரண்ட் வந்துவிட்டது. பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஃபிரிட்ஜ் முனகியது. யார் வீட்டு மோட்டாரோ தொட்டி நிறைந்து வழியும் வரை ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வீடு மட்டும் இருட்டில், அசையாத விசிறிக்குக் கீழே கிடந்தது. ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்று ஆயிற்று. வராமலே போய்விட்டால்? அந்த நினைப்பு வந்த பிறகு கடிகாரத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

நாலு மணி தாண்டியிருக்கும். பின்கதவு மெல்லத் திறந்தது.

கோபிநாத்தான். லுங்கியும் பனியனும். சத்தம் வராமல் செருப்பைக் கழற்றினான். கையில் மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். அது அவள் வீட்டுப் பாத்திரம் இல்லை. மூடியில் யாருடைய பெயரோ வெட்டியிருந்தது. அந்த இருட்டில் அவளால் படிக்க முடியவில்லை.

மூலையில் இருந்தவளை அவன் கவனிக்கவில்லை. நேராக வாஷிங் மெஷினிடம் போனான். பட்டனை அமுக்கினான். ஓடவில்லை. லைட் சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை.

"இன்னும் கரண்டே வர்ல போல கீது" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டான்.

"வந்து நாலு மணி நேரமாச்சு" என்றாள் வேல்விழி, பாயிலிருந்து. "நான்தான் மெயினைப் போடல. சாப்பிட்டாச்சா?"